கலவையில் இருவகை

தமிழகத்திற்கு வெளியே வாழும் நம் இல்லங்களில் பிள்ளைகள் இரசாயனப் பாடத்தை ஆங்கிலத்திலோ இந்தியிலோ பயில்கின்றனர். ‘சமாங்கி மிச்ரண்’, ‘விஷமாங்கி மிச்ரண்’ என்று மனனம் செய்து வரும் பிள்ளைக்கு, இவற்றையே தமிழில் ஒருபடித்தான கலவை, பலபடித்தான கலவை என்பர் என்று எடுத்துரைப்பவர் பெற்றோராகவே இருத்தல் வேண்டும். பெயர் எம்மொழியில் அமையினும் பொருள் ஒன்றே. அதனை விளக்குதற்கு வேண்டிய கருவிகள் யாவும் நம் அடுக்களையிலேயே உள்ளன.

இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பொருள்கள் தத்தம் இயல்பு மாறாமல் கூடி நிற்பது கலவை. அதன் எப்பகுதியை எடுத்து நோக்கினும் சேர்க்கையின் அளவு ஒன்றாகவே இருக்குமாயின் அஃது ஒருபடித்தானது. இடத்திற்கு இடம் வேறுபடுமாயின் பலபடித்தானது. ஒரு செம்பு நீரில் ஒரு கரண்டி உப்பை முற்றும் கரைத்து, மேலிருந்து ஒரு துளியும் அடியிலிருந்து ஒரு துளியும் சுவைத்துப் பார்த்தால் இரண்டிலும் ஒரே கரிப்புத்தான். உப்புக்குப் பதிலாக அரிசி மாவைக் கலக்கி வைத்தாலோ, சிறிது நேரத்தில் மாவு அடியிற் படியும்; மேல்நீர் தெளியும். முன்னது கரைசல், பின்னது தொங்கல். ரசத்தில் தெளிவை விரும்புவோர் மேலாக மொள்வதும், வண்டலை விரும்புவோர் கலக்கி மொள்வதும் அது பலபடித்தானது என்பதற்குச் சான்று.

திண்பொருளிலும் வாயுவிலும் இப்பாகுபாடு உண்டு. செம்பும் துத்தநாகமும் உருகிக் கலந்த பித்தளை ஒருபடித்தானது. 22 காரட் பொன்னில் 24 பங்கிற்கு 22 பங்கு பொன். எஞ்சிய 2 பங்கு செம்பு, வெள்ளி முதலியன. வளையலின் எவ்விடத்தை உரைத்தாலும் மாற்று ஒன்றே. நூற்றில் 78 பங்கு நைட்ரஜனும் 21 பங்கு ஆக்சிஜனும் கொண்ட உலர்ந்த தூய காற்றும் அவ்வகையதே.

கண்ணை மட்டும் நம்புதல் ஆகாது. பால் ஒரே படித்தாகத் தோன்றினும், நுண்ணோக்கியில் நீரிடையே மிதக்கும் கொழுப்புத் திவலைகள் புலனாகும். இத்தகையவற்றைக் கூழ்மம் என்பர். ஆங்கிலத்தில் அதற்குரிய பெயரை 1861இல் சூட்டியவர் தாமஸ் கிரகாம். இருண்ட அறையில் ஒரு கண்ணாடிக் குவளையில் உப்பு நீரும், மற்றொன்றில் சில துளி பால் விட்ட நீரும் வைத்து, பக்கத்திலிருந்து டார்ச் விளக்கை அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். உப்பு நீரில் ஒளியின் தடம் தெரியாது. பால் நீரில் தெளிவாகத் தெரியும். ஜான் டிண்டாலின் பெயரால் இதனை டிண்டால் விளைவு என்பர்.

இவ்வறிவு தேர்வுக்கு மட்டும் உரியதன்று. குழந்தைகளுக்குரிய மருந்துகளுள் பல தொங்கல் வகையின. குலுக்காமல் ஊற்றினால் முதல் வேளைகளில் மருந்து குறைந்தும், புட்டி தீரும் தறுவாயில் மிகுந்தும் குழந்தையின் வயிற்றிற் சேரும். ‘குலுக்கிய பின் அருந்துக’ என்ற குறிப்பு பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருப்பதால், ஆங்கிலம் அறியாத பாட்டிமார்க்கு அதனைச் சொல்லி வைத்தல் நம் கடமை.

வயிற்றுப்போக்கிற்குத் தரும் உப்புச் சர்க்கரைப் பொடியும் அத்தகையதே. ஒரு லிட்டர் நீருக்குரிய உறையில் குளுக்கோசு 13.5 கிராம், சோடியம் குளோரைடு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், டிரைசோடியம் சிட்ரேட்டு 2.9 கிராம் உள்ளன. பொடியாக இருக்கும்போது ஒவ்வொரு சிட்டிகையிலும் இவை இதே விகிதத்தில் அமையும் என்பதற்கு உறுதியில்லை. ஆதலால் சிறிது சிறிதாகப் பொடியை எடுத்துக் கலக்காமல், உறை முழுவதையும் அதில் குறித்த அளவு குடிநீரில் ஒருங்கே கரைத்தல் வேண்டும். கரைந்தபின் முதற் கரண்டியும் கடைசிக் கரண்டியும் ஒன்றே.

இறுதியாகக் குடிநீர். கலங்கல் நீர் பலபடித்தானது. படிகாரமோ தேற்றாங்கொட்டையோ அதனைத் தெளிய வைக்கும். கொதிக்க வைத்தால் நோய்க்கிருமிகள் மாயும். ஆயின் கரைந்து நிற்கும் நஞ்சு இவ்விரண்டிற்கும் அகப்படாது. மேற்கு வங்கத்துக் கங்கைப் படுகையில் குழாய்க் கிணறுகள் பலவற்றில் ஆர்சனிக்கும், இராஜஸ்தானத்தின் பல பகுதிகளில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடும் கரைந்துள்ளன. உலகச் சுகாதார நிறுவனம் குறித்த வரம்பு லிட்டருக்கு ஆர்சனிக் 0.01 மில்லிகிராம், ஃபுளோரைடு 1.5 மில்லிகிராம். இவ்வளவு நுண்ணிய அளவு கண்ணுக்கும் நாவிற்கும் புலப்படாது. காய்ச்சுவதால் நீர் ஆவியாகிக் குறையுமேயன்றி நஞ்சு குறையாது. அப்பகுதிகளில் கிணற்று நீரைப் பருகும் அன்பர்கள் அதனைச் சோதனைச் சாலைக்கு அனுப்பி அறிந்து கொள்வதே தக்கது.

தெளிந்த நீரெல்லாம் தூய நீர் அன்று. இவ்வொன்றை நம் பிள்ளைகள் உணர்வார்களாயின், அவர்கள் கற்ற பாடம் இல்லத்திற்கும் பயன்பட்டதாகும்.