பைபர் படகின் மேல்தளத்தைச் செப்பனிடுதல்

2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் நம் கடலோர ஊர்களில் பைபர் படகுகள் பெருகின. கண்ணாடி இழை மட்குவதில்லை. ஆயினும், மேல்தளத்தின் இரு ஏடுகளுக்கிடையே வலுவுக்கென வைக்கப்பெறும் ஒட்டுப்பலகை மட்கும். திருகாணித் துளைகளின் வழியே நீர் கசிவதே இதற்குக் காரணம்.

மேல்தளம் படகின் இரு பக்கங்களையும் பிணைத்து நிற்பதாகும். அது தளர்ந்தால், அலை மோதும்போது படகின் உடலே வெடித்துவிடக்கூடும். ஆதலால் இஃது அழகுக்கான வேலையன்று; உயிர்காக்கும் வேலையாம்.

மரச்சுத்தியலால் தளத்தைத் தட்டிப் பார்க்க வேண்டும். மந்தமான ஓசை எழுமிடத்தில் பழுதுண்டு. படகு உருத்திரியாதவாறு முட்டுக்கொடுத்து நிறுத்திய பின்னரே மேலேட்டை அறுத்தல் வேண்டும். மட்கிய பலகையையும், அடியில் நீர் ஊறிய மிதவை நுரையையும் முற்றிலும் அகற்றி, நன்கு உலரவிட வேண்டும். வெட்டிய விளிம்பை ஏட்டின் கனத்தைப்போல் 12 மடங்கு அகலத்திற்குச் சரிவாகத் தேய்த்து, புதுப்பலகையைப் பிசினில் பதித்து, இழைப்பாய்களை அடுக்கடுக்காக ஒட்டுதல் நன்று. திருகாணித் துளைகளின் உட்புறத்தையும் பிசினால் அடைத்தல் வேண்டும்.

ஓர் எச்சரிக்கை: கோபால்ட் முடுக்கியையும் பெராக்சைடு வினையூக்கியையும் நேரடியாக ஒருபோதும் கலக்கலாகாது, கலந்தால் வெடித்துத் தீப்பற்றும். முடுக்கியைப் பிசினில் நன்கு கலக்கிய பின்னரே வினையூக்கியைச் சேர்த்தல் வேண்டும். தேய்க்கும்போது மூக்கையும் கண்களையும் காத்துக்கொள்க.

ஈரப்பலகையின்மேல் புதுப்பூச்சுப் பூசுதல் சிக்கனமன்று. அது பழுதை மூடி மறைப்பதேயாகும்.