அபாய அறிவிப்புக்கு ஒப்புகை அளித்தல்

மின்நிலையம், நீரேற்று நிலையம், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை ஆகிய இடங்களில் இன்று ஒரே பணியாளர் ஓர் அறையில் அமர்ந்தவாறே நூற்றுக்கணக்கான அளவிகளைக் கண்காணிக்கிறார். இப்பணியில் அவருக்குத் துணை நிற்பது கண்காணிப்பு மென்பொருள். அழுத்தம், வெப்பநிலை, நீர்மட்டம், மின்னோட்டம் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று வகுத்த எல்லையைக் கடக்குமாயின் திரையில் ஒரு வரி விட்டுவிட்டு மின்னும், மணியும் ஒலிக்கும். பணியாளர் அதனைக் கண்டு ஒரு பொத்தானை அழுத்துவார். மணி அடங்கும், மின்னிய வரி நிலைத்து நிற்கும். இச்செயலையே ஒப்புகை அளித்தல் என்கிறோம்.

ஒரு நொடியில் முடியும் இச்சிறு செயலின் பொருளைச் சரிவர உணராமையால் பெருந்தீங்குகள் நேர இடமுண்டு. ஆகவே இதனைச் சற்று விரிவாக ஆராய்தல் நலம்.

ஒப்புகையின் பொருள்

பதிவுத் தபாலுடன் ஒப்புகை அட்டை இணைத்து அனுப்பும் வழக்கத்தை நாம் நெடுங்காலமாக அறிவோம். பெறுபவர் அட்டையில் கையொப்பமிட்டால் கடிதம் அவர் கைக்குச் சேர்ந்தது என்பது உறுதியாகிறது. கடிதத்தில் கோரிய காரியம் நிறைவேறிவிட்டது என்று அதற்குப் பொருளில்லை. அபாய அறிவிப்புக்கு அளிக்கும் ஒப்புகையும் இத்தகையதே. ‘இவ்வறிவிப்பைக் கண்டேன், இனி இதனைக் கவனிக்கும் பொறுப்பு என்னுடையது’ என்பதே அதன் முழுப்பொருள். குறை நீங்கிவிட்டது என்பதோ, அறிவிப்பு பொருட்படுத்தத் தக்கதன்று என்பதோ அதன் பொருளாகாது.

கணினி வருவதற்கு முன்பே இம்முறை வழக்கில் இருந்தது. சுவரில் பதித்த பலகையில் சிறு சிறு கண்ணாடிக் கட்டங்கள் இருக்கும். ஒவ்வொன்றின் பின்னும் ஒரு விளக்கு உண்டு. குறை தோன்றினால் அதற்குரிய கட்டம் மின்னும். ஒப்புகை அளித்தபின் நிலையாக எரியும். குறை நீங்கினால் அணையும். மென்பொருளும் இவ்வொழுங்கையே பின்பற்றுகிறது.

ஓர் உயர்நிலை நீர்த்தொட்டியை எடுத்துக்கொள்வோம். நீர்மட்டம் எல்லைக்குள் இருப்பது முதல் நிலை. மட்டம் எல்லையைக் கடந்தும் எவரும் ஒப்புகை அளிக்காதிருப்பது இரண்டாம் நிலை. ஒப்புகை அளித்தபின்னும் மட்டம் குறையாதிருப்பது மூன்றாம் நிலை. எவரும் காணுமுன்பே மட்டம் தானாகக் குறைந்துவிடுவது நான்காம் நிலை.

இவற்றுள் மூன்றாவதும் நான்காவதும் ஊன்றிக் கவனிக்கத்தக்கவை. மூன்றாம் நிலையில் மணி ஒலிப்பதில்லை. ஆயினும் அபாயம் அப்படியே நிற்கிறது. நான்காம் நிலையில் அபாயம் நீங்கிவிட்டது. எனினும் இரவில் தொட்டி நிரம்பி வழியும் அளவுக்கு வந்த செய்தியை ஒருவர் அறிந்தே ஆகவேண்டும். பம்பை நிறுத்தும் சுவிட்சு பழுதுற்றதற்கு அதுவே முதல் அடையாளமாக இருக்கலாம். இக்காரணத்தாலேயே நல்ல மென்பொருள், குறை தானாக நீங்கிய பின்னும் ஒப்புகை பெறும்வரை அவ்வறிவிப்பைத் திரையிலிருந்து அகற்றுவதில்லை.

ஒப்புகை எவ்வளவு காலம் செல்லும்?

ஒருமுறை அளித்த ஒப்புகை எதுவரை செல்லும் என்பதைப் பணியாளர் தெளிவாக அறிந்திருத்தல் வேண்டும். கணினி வலையமைப்புகளைக் கண்காணிக்கப் பயன்படும் நாகியோஸ் என்னும் மென்பொருளில் ஒப்புகை இருவகைப்படும். ஒன்று, குறையின் நிலை மாறியவுடன் தானே நீங்குவது. மற்றொன்று, குறை முற்றிலும் தீரும்வரை ஒட்டிக்கொண்டிருப்பது.

இவ்வேறுபாட்டின் விளைவைக் காண்போம். சேமிப்பு வட்டு நிரம்பி வருகிறது என்ற முதற்கட்ட எச்சரிக்கைக்கு ஒருவர் ஒப்புகை அளிக்கிறார். சில மணி நேரத்தில் வட்டு ஏறக்குறைய முழுதும் நிரம்பி, நிலைமை கடுமையாகிறது. முதல்வகை ஒப்புகையாயின் அது நீங்கி, புதிய அறிவிப்பு எழும். இரண்டாம் வகையாயின் கடுமையான கட்டத்திலும் மென்பொருள் எவருக்கும் செய்தி அனுப்பாது. மென்பொருளில் பிழையொன்றும் இல்லை. அதற்கு இட்ட கட்டளையையே அது நிறைவேற்றுகிறது. எவ்வகை ஒப்புகை அளித்தோம் என்பதை அறியாமையே இங்குத் தீங்குக்குக் காரணம்.

வெள்ளமெனப் பெருகும் அறிவிப்புகள்

அறிவிப்புகள் அளவுக்கு மீறிப் பெருகும்போது ஒப்புகை வெறும் விரற்பயிற்சியாகிவிடுகிறது. 1979 மார்ச்சு 28ஆம் நாள் அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்திலுள்ள திரீ மைல் ஐலண்டு அணுமின் நிலையத்தில் விபத்து நேர்ந்தது. அதன் தொடக்கத்திலேயே நூற்றுக்கும் மேற்பட்ட அறிவிப்புகள் எழுந்தன. முக்கியமானவற்றை அல்லாதவற்றினின்று பிரித்தறிய வழியில்லை. அழுத்தத்தைத் தணிக்கும் வால்வு ஒன்று மூடாமல் திறந்தே நின்றது. பலகை விளக்கோ, மூடுமாறு ஆணை சென்றதை மட்டுமே காட்டியது. வால்வின் உண்மை நிலையைக் காட்டவில்லை.

1994 சூலை 24ஆம் நாள் பிரிட்டனில் வேல்சுப் பகுதியைச் சேர்ந்த மில்ஃபோர்டு ஹேவனில் ஒரு சுத்திகரிப்பு ஆலை வெடித்தது. அன்று காலை இடியுடன் கூடிய மழையால் ஆலையின் இயக்கம் குலைந்திருந்தது. வெடிப்புக்கு முந்திய சுமார் 11 நிமிடங்களில் 275 அறிவிப்புகள் வந்தன என்று அரசின் விசாரணை அறிக்கை கூறுகிறது. அவை அனைத்தையும் கண்டு, ஒப்புகை அளித்து, தக்கது செய்யவேண்டியவர் இருவரே. கணக்கிட்டால் ஏறத்தாழ இரண்டரை நொடிக்கு ஓர் அறிவிப்பு ஆகிறது. இந்நேரத்தில் ஒரு வரியைப் படித்துப் பொருள் உணர்வதே அரிது. மேலும், அறிவிப்புகளுள் மிகப் பெரும்பகுதிக்கு உயர்ந்த முன்னுரிமையே தரப்பட்டிருந்தது. எல்லாம் அவசரம் எனில் எதுவும் அவசரமன்று என்றாகிவிடும் அல்லவா?

சீர்செய்யும் முறைகள்

இத்தகைய நிகழ்ச்சிகளின் பயனாக நெறிமுறைகள் வகுக்கப்பட்டன. பிரிட்டனில் 1999ஆம் ஆண்டில் 191 என்ற எண்ணுடைய வழிகாட்டி நூலொன்று வெளிவந்தது. அமெரிக்காவில் 2009ஆம் ஆண்டிலும், உலக அளவில் 2014ஆம் ஆண்டிலும் தர விதிகள் வெளியாயின. சாதாரண நேரத்தில் ஒரு பணியாளருக்குப் பத்து நிமிடத்திற்கு ஓர் அறிவிப்பு என்பது தாங்கத்தக்க அளவு எனக் கொள்ளப்படுகிறது. அதே பத்து நிமிடத்தில் பத்துக்கு மேல் வந்தால் அது அறிவிப்பு வெள்ளம் எனப்படும்.

இவ்விதிகளின் அடிப்படை எளியது. பணியாளர் செய்யத்தக்க செயல் ஒன்று இருந்தாலன்றி மணி ஒலிக்கலாகாது. தெரிந்துகொள்ள மட்டும் உதவும் செய்திகளைப் பதிவேட்டில் சேர்த்தால் போதும். மிக உயர்ந்த முன்னுரிமை, நூற்றுக்கு ஐந்து அறிவிப்புகளுக்கு மேல் அமையாதிருத்தல் நன்று.

அளவி எல்லையின் மீதே ஊசலாடும்போது அறிவிப்பு தோன்றித் தோன்றி மறையும். நீர்த்தொட்டியில் எழும் சிற்றலையே இதற்குப் போதும். 90 விழுக்காட்டில் எழும் அறிவிப்பு, மட்டம் 87 விழுக்காட்டுக்கு இறங்கிய பின்னரே நீங்குமாறு இடைவெளி அமைத்தால் இத்தொல்லை தீரும். பழுதுபார்ப்பின் பொருட்டு ஓர் அறிவிப்பை ஒத்திவைக்க நேர்ந்தால், அதற்குக் கால எல்லை வகுத்தல் இன்றியமையாதது.

அமைதியும் ஐயத்திற்குரியதே

மணி ஒலிக்காமையைப் பாதுகாப்பின் சான்றாகக் கொள்ளலாகாது. 2003 ஆகஸ்டு 14ஆம் நாள் அமெரிக்காவில் ஒகையோ மாநிலத்து மின்கட்டுப்பாட்டு அறை ஒன்றில், பிற்பகல் 2 மணி 14 நிமிட அளவில் அறிவிப்பு மென்பொருள் செயலற்றது. பணியாளர்கள் அதனை அறியவில்லை. 3 மணிக்குப் பின் 345 கிலோவோல்ட் மின்பாதைகள் மூன்று, ஒன்றன்பின் ஒன்றாக மரங்களில் பட்டுத் துண்டிக்கப்பட்டன. வெளியிலிருந்து தொலைபேசியில் செய்திகள் வந்தும், திரை அமைதியாக இருந்தமையால் நிலைமையின் கடுமை உடனே விளங்கவில்லை. அன்று அமெரிக்காவிலும் கனடாவிலும் சுமார் 5 கோடி மக்கள் மின்சாரம் இழந்தனர். அறிவிப்பு அமைப்பு உயிருடன் இருக்கிறதா என்பதையே குறித்த நேரந்தோறும் சோதித்தல் வேண்டும் என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்தியது.

களப்பணியாளர் கவனத்திற்கு

1. படிக்காமல் ஒப்புகை அளித்தல் கூடாது. திரையிலுள்ள அனைத்திற்கும் ஒரே பொத்தானால் ஒப்புகை அளிக்கும் வசதியை இயன்றவரை தவிர்த்தல் வேண்டும்.

2. ஒப்புகையுடன் காரணத்தையும் செய்யப்போகும் செயலையும் ஒரு வரியில் எழுதுக. பெயரையும் நேரத்தையும் மென்பொருள் பதியும்; எண்ணத்தை அது பதியாது.

3. முறைப்பணி மாறும்போது, ஒப்புகை பெற்றும் தீராத அறிவிப்புகளின் பட்டியலை அடுத்தவரிடம் வாய்மொழியாகவும் ஒப்படைத்தல் வேண்டும். இவை ஓசையின்றி நிற்பவை. ஆதலின் எளிதில் மறக்கப்படுபவை.

4. களத்தில் கண்டதும் திரையில் தோன்றுவதும் மாறுபட்டால், திரையே சரியென்று முடிவு கட்டாமல் நேரில் சென்று பார்க்க ஏற்பாடு செய்க.

வகுப்பறையில்

ஆசிரியர்கள் இதனை எளிய சோதனையால் விளக்கலாம். ஒரு மாணவர் நீர்நிறைந்த வாளியின் மட்டத்தைக் கவனித்து, குறித்த கோட்டைத் தாண்டும்போதெல்லாம் மணி அடிக்கட்டும். மற்றொருவர் ஒப்புகை கூறி, நேரத்தையும் செய்த செயலையும் குறிக்கட்டும். பின்னர் மூன்று நான்கு வாளிகளை ஒருங்கே வைத்து மணிகளைப் பெருக்குக. சிறிது நேரத்தில் ‘கண்டேன்’ என்ற சொல் மட்டும் வந்துகொண்டிருக்கும், செயல் நின்றுபோகும். விபத்தின் வித்து எது என்பதை மாணவர் அப்போது தாமே உணர்வர்.

அபாயத்தை அறிவிப்பது பொறியின் கடமை. அறிவிப்பைப் பெற்றுக்கொண்டு ஆவன செய்வது மனிதரின் கடமை. இவ்விரண்டையும் இணைக்கும் கையொப்பமே ஒப்புகை. ஆதலின் பொறுப்பை ஏற்கும் எண்ணமின்றி அப்பொத்தானை எவரும் அழுத்தலாகாது.