பாஸ்போர்ட்டுக்கு ‘பச்சை மை’ கையெழுத்து வேணுமா? ஜவ்வாது மலை இளைஞர்களுக்கு ஒரு விளக்கம்

ஜமுனாமரத்தூரிலோ புதூர்நாட்டிலோ ஒருவர் முதல்முறையா பாஸ்போர்ட் எடுக்கப் போறேன்னு சொன்னா, பக்கத்திலிருந்து ஒரு யோசனை வரும்: “முதல்ல ஒரு கெசட்டட் ஆபீசர்கிட்ட கையெழுத்து வாங்கிடு.”

மலையில் அது லேசான வேலை இல்லை. உங்களைத் தெரிந்த அதிகாரி ஒருவர் வேண்டும். நீங்கள் கீழே இறங்கிப் போகிற அன்று அவர் சீட்டில் இருக்க வேண்டும். பஸ் செலவும் ஒரு நாள் கூலியும் போகும். இதற்காகவே ‘நான் வாங்கித் தர்றேன்’ என்று காசு கேட்கும் புரோக்கர்களும் உண்டு.

விஷயம் இதுதான்: இந்திய பாஸ்போர்ட் விண்ணப்பத்துக்கு இன்று எந்த அதிகாரியின் சான்றுக் கையெழுத்தும் தேவையில்லை.

அப்போ இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது?

முழுக்கக் கட்டுக்கதை இல்லை. முன்பு தட்கலில் அவசரமாக பாஸ்போர்ட் எடுக்க ‘சரிபார்ப்புச் சான்றிதழ்’ ஒரு முக்கிய வழியாக இருந்தது. அதை யார் கொடுக்கலாம் என்று ஒரு பட்டியலும் இருந்தது. அரசுத் துறைகளின் சார்புச் செயலாளரும் அதற்கு மேற்பட்டவர்களும், மாவட்ட ஆட்சியர், எஸ்.பி., ராணுவத்தில் மேஜரும் அதற்கு மேற்பட்டவர்களும், அந்தப் பகுதியின் தாசில்தார் அல்லது காவல் நிலையப் பொறுப்பு அதிகாரி என அது நீளும்.

அதிகாரி தன் லெட்டர்ஹெட்டில் எழுதி, தன் அடையாள அட்டை நகலையும் இணைக்க வேண்டும். ‘1967ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டத்தின் 6(2) பிரிவைப் படித்தேன், அது இவருக்குப் பொருந்தாது’ என்று உறுதியும் தர வேண்டும். முன்பின் தெரியாத ஒருவருக்கு இப்படி எழுதிக் கொடுக்க எந்த அதிகாரியும் யோசிப்பார்தானே? ஆக, ஆள்பலம் உள்ளவருக்கு வேலை சுலபமாக முடிந்தது. மற்றவர்கள் அலைந்தார்கள்.

எப்போ மாறியது?

இரண்டு கட்டமாக. 2016 டிசம்பரில் வெளியுறவு அமைச்சகம் விண்ணப்ப இணைப்புப் படிவங்களை 15இலிருந்து 9ஆகக் குறைத்தது. அவற்றை வெள்ளைத் தாளில் நீங்களே எழுதிக் கையெழுத்திட்டால் போதும், நோட்டரியோ மாஜிஸ்திரேட்டோ வேண்டாம் என்றும் அறிவித்தது. 2018இல் தட்கலுக்கான சரிபார்ப்புச் சான்றிதழும் போனது.

இப்போது தட்கலுக்கு, குறிப்பிட்ட பட்டியலில் உள்ள ஆவணங்களில் மூன்று போதும். ஆதார், வாக்காளர் அட்டை, பான், ரேஷன் கார்டு, ஓட்டுநர் உரிமம், வங்கி பாஸ்புக் எல்லாம் அதில் வரும்.

எஸ்.டி. சான்றிதழ் உதவுமா?

உதவும். மலைக்காரர்கள் பலர் கவனிக்காத விஷயம் இது. எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி. சான்றிதழும் அந்தத் தட்கல் பட்டியலில் இருக்கிறது. ஜவ்வாது மலையின் மலையாளி சமூகத்தினர் பழங்குடியினர் பட்டியலில் உள்ளவர்கள். தமிழ்நாட்டில் எஸ்.டி. சான்றிதழை வழங்குவது வருவாய் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர். அதாவது, ஓர் அதிகாரி உங்களை விசாரித்து ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டார். ஸ்காலர்ஷிப்புக்காக வாங்கி பீரோவில் வைத்த அந்தச் சான்றிதழை எடுத்து வையுங்கள்.

அதிகாரி இல்லைன்னா, உங்களை யார் அடையாளம் சொல்வாங்க?

உங்கள் ஊர்க்காரர்கள். விண்ணப்பத்தில் உங்களைத் தெரிந்த இரண்டு பேரின் பெயர், முகவரி, போன் நம்பர் கேட்பார்கள். அவர்கள் கையெழுத்துப் போட வேண்டாம். பதவியும் வேண்டாம். போலீஸ் விசாரணையின்போது கேட்டால் ‘ஆமா, இந்த ஊர்ப் பிள்ளைதான்’ என்று சொன்னால் போதும். மலையில் எல்லா இடத்திலும் சிக்னல் கிடைக்காது என்பதால், போனில் எளிதாகக் கிடைக்கக்கூடியவர் பெயரைக் கொடுங்கள். அவரிடம் முன்கூட்டியே சொல்லியும் வையுங்கள்.

நிஜமாவே சிக்கல் வர்ற இடம் எது?

கையெழுத்தைவிட, ஆவணங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகிறதா என்பதுதான் முக்கியம்.

* பெயர்: டி.சி.யில் ஒரு எழுத்து, ஆதாரில் வேறு எழுத்து என்றால் முதலில் அதைத் திருத்துங்கள். இனிஷியலின் விரிவு என்ன என்பதும் தெளிவாக இருக்கட்டும்.
* பிறந்த தேதி: வீட்டில் பிறந்து, பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் வளர்ந்தவரா? 2023 அக்டோபர் 1க்கு முன் பிறந்தவர்கள் பள்ளி மாற்றுச் சான்றிதழ், பான் போன்றவற்றையும் காட்டலாம். அந்தத் தேதியிலிருந்து பிறந்த குழந்தைகளுக்குப் பிறப்புச் சான்றிதழ் மட்டும்தான் ஏற்கப்படும். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் இப்போதே பதிவு செய்யுங்கள்.
* மாவட்டம்: மலை திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் என மூன்று மாவட்டங்களில் பரவிக் கிடக்கிறது. திருப்பத்தூர் 2019இல்தான் வேலூரிலிருந்து பிரிந்தது. புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு பக்கம் இருப்பவர்களின் பழைய அட்டைகளில் ‘வேலூர்’ என்றே இருக்கலாம். நீங்கள் கொடுக்கும் மாவட்டத்தையும் காவல் நிலையத்தையும் வைத்துத்தான் விசாரணைக்கு அனுப்புவார்கள். அது தப்பினால் பாஸ்போர்ட் தாமதமாகும்.
* பத்தாம் வகுப்பு: பாஸ் செய்திருந்தால் மதிப்பெண் சான்றிதழைக் கட்டாயம் காட்டுங்கள். இல்லாவிட்டால் ‘குடிப்பெயர்வு சோதனை தேவை’ என்ற வகையில் பாஸ்போர்ட் வரும். அதை வைத்து சவுதி, குவைத், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகத் தனி அனுமதி வாங்க வேண்டும்.

கூகுள்ல ‘டாக்டர், டீச்சர் கையெழுத்து’ன்னு வருதே?

அது வேறு நாட்டு விதி. பிரிட்டனில் முதல் பாஸ்போர்ட் எடுக்கும்போது, உங்களைக் குறைந்தது 2 ஆண்டுகளாகத் தெரிந்த, மதிப்பான தொழிலில் இருக்கும் ஒருவர் உறுதி சொல்ல வேண்டும். அவர் உறவினராக இருக்கக் கூடாது. கனடாவிலும் 2 ஆண்டு பழக்கமுள்ள ‘கேரண்டர்’ உண்டு. ஆனால் அவர் இன்ன தொழிலில்தான் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை 2007இல் எடுத்துவிட்டார்கள். லண்டன், டொராண்டோ சொந்தக்காரர்கள் சொல்வது அவர்கள் ஊருக்குச் சரி. உங்களுக்குப் பொருந்தாது.

எவ்வளவு செலவு, எங்கே போகணும்?

பெரியவர்களுக்கு 36 பக்க பாஸ்போர்ட்டுக்குக் கட்டணம் ரூ.1,500. தட்கல் என்றால் கூடுதலாக ரூ.2,000. பாஸ்போர்ட் சேவா இணையதளத்திலோ எம்பாஸ்போர்ட் சேவா செயலியிலோ நீங்களே விண்ணப்பித்துத் தேதி எடுக்கலாம். 2017இல் தொடங்கிய அஞ்சலக பாஸ்போர்ட் சேவை மையங்களில் வேலூரும் ஒன்று. அசல் ஆவணங்களோடு, நீங்களே கையெழுத்திட்ட நகல் ஒரு செட் கொண்டுபோங்கள்.

நீங்கள் போடும் அந்தக் கையெழுத்துக்குச் சட்டப் பொறுப்பு உண்டு. தெரிந்தே தவறான தகவல் கொடுத்தால், பாஸ்போர்ட் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி 2 ஆண்டு வரை சிறை, ரூ.5,000 வரை அபராதம் அல்லது இரண்டுமே கிடைக்கலாம். புரோக்கரோ பிரவுசிங் சென்டரோ படிவத்தை நிரப்பினாலும் மாட்டப்போவது நீங்கள்தான். சப்மிட் கொடுக்கும் முன் ஒரு தடவை நீங்களே முழுசா படித்துவிடுங்கள்.

உங்களுக்கு எந்த ஆவணங்கள் தேவை என்பதை அதே இணையதளத்தின் ‘டாக்குமென்ட் அட்வைசர்’ பகுதியில் பார்க்கலாம். சந்தேகம் இருந்தால் 1800-258-1800 என்ற கட்டணமில்லா எண்ணில் கேளுங்கள். அதற்குப் பிறகும் யாராவது ‘ஆபீசர் கையெழுத்து வேணும், இவ்ளோ ஆகும்’ என்றால், பணத்தை எடுக்காதீர்கள்.