வீட்டு மின்சக்திச் சிக்கனமும் அரசாங்க உதவியும்

நெய்யாற்றின்கரைக்குக் கிழக்கே, நெய்யாறு நீர்த்தேக்கத்தை ஒட்டி மலையடிவாரத்தில் அமைந்துள்ள அம்பூரி, ரப்பர் மரங்கள் மிகுந்த கிராமமாகும். இத்தகைய ஊர்களில் ஒரு குடும்பம் தன் வீட்டைச் சீர்திருத்தி மின்சக்தியைச் சிக்கனப்படுத்த முற்படின், அதற்கு என்ன உதவி கிட்டும் என்ற வினா இயல்பாகவே எழுகிறது.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இவ்வுதவி பல ஆண்டுகள் வருமான வரிக் கழிவாகவும் அளிக்கப்பட்டு வந்தது. 1978-ஆம் ஆண்டுச் சட்டம், வீட்டில் வெப்பத் தடுப்பு அமைப்போருக்கு 300 டாலர் வரை வரியைக் குறைத்தது. 2022-இல் இச்சலுகை பெரிதும் விரிவாக்கப்பட்டது. எனினும் 2025-இல் இயற்றப்பட்ட சட்டத்தால் அவ்வாண்டு டிசம்பர் 31-உடன் முடிவுற்றது. செலுத்த வேண்டிய வரி இருந்தாலன்றி இக்கழிவினால் பயனில்லை. ரப்பர் பால் வடித்துப் பிழைப்பவருக்கு இம்முறை சல்லிக்காசும் தந்திராது.

நம் நாட்டில் நேரடி மான்யமே முக்கியமான வழி. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதம மந்திரி சூரிய வீடு இலவச மின்சாரத் திட்டத்தின்படி, கூரைமேல் சூரிய மின்தகடுகள் அமைப்போருக்கு முதல் இரு கிலோவாட்டுகளுக்குத் தலா 30,000 ரூபாயும், மூன்றாவதற்கு 18,000 ரூபாயும், ஆக 78,000 ரூபாய் வரை கிடைக்கும். தகடுகள் இயங்கத் தொடங்கிய பின்னரே மான்யம் வங்கிக் கணக்கில் சேரும். ஆதலின் முதலில் கைப்பணமோ வங்கிக் கடனோ தேவை என்பதை ஊழியர்கள் மறைக்காமல் கூறுதல் வேண்டும். கடன்பட்ட பின் தகடு எதிர்பார்த்த மின்சாரத்தைத் தராவிடில் நட்டம் குடும்பத்தையே சாரும்.

அம்பூரியில் இந்த அபாயம் நிழலால் வருகிறது. தகட்டிலுள்ள மின்கலங்கள் தொடராக இணைக்கப்பட்டவை. ஒருசில கலங்கள்மீது நிழல் விழுந்தாலும் தகட்டின் உற்பத்தி பெரிதும் குன்றும். ரப்பர் மரம் டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான காலத்தில் இலையுதிர்ப்பது. அப்போது கூரையைப் பார்வையிடுவோர் வெயில் தாராளம் என்று எண்ணி ஏமாறக்கூடும். மேலும் இவ்வட்டாரத்தில் சூரியன் நண்பகலில் டிசம்பரில் தெற்கே சாய்ந்தும், ஜூனில் வடக்கே சாய்ந்தும் காணப்படுவதால் இருபுற மரங்களையும் கணக்கிடல் வேண்டும். இதனை மாணவர்கள் முற்றத்தில் ஒரு கோலை நட்டு நிழலை அளந்தே அறியலாம்.

தகடு வாங்குமுன் வேறொரு கணக்கும் உண்டு. 75 வாட் மின்விசிறிக்குப் பதிலாக 30 வாட் விசிறி நாள்தோறும் பத்து மணி நேரம் சுழன்றால் மாதம் 13.5 யூனிட் மிச்சமாகும். இழை பல்பு இன்னும் எரியும் வீடுகளில், 60 வாட்டுக்குப் பதில் 9 வாட் எல்.இ.டி. பல்பு ஐந்து மணி நேரம் எரிந்தால் ஏறத்தாழ 7.6 யூனிட் மிச்சம். இரு விசிறிகளையும் நான்கு பல்புகளையும் மாற்றினால் மாதம் சுமார் 57 யூனிட். நிழலற்ற கூரையில் ஒரு கிலோவாட் தகடு நல்ல வெயிலில் தருவது நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 யூனிட், அதாவது மாதம் 120 யூனிட்.