தாலாட்டு யாருக்கு?

ராத்திரி இரண்டு மணி. குழந்தை வீல் வீலென்று அழுகிறது. பால் கொடுத்தாயிற்று, துணி மாற்றியாயிற்று, ஓய்ந்தபாடில்லை. என் தலைப்பிள்ளை பிறந்தபோது ஒரு மாதம் இதே கதைதான். கூடவே நானும் அழுவேன்.

"தூளியை ஆட்டினா மட்டும் போதுமா? வாயைத் திறந்து பாடேன்டி" என்றாள் அம்மா.

"எனக்குப் பாட்டு எங்கேம்மா வரும்?"

"உன்னை யார் கச்சேரிக்குக் கூப்பிட்டா?"

வாயில் வந்ததைப் பாடினேன். குழந்தை அடங்கியதைவிட என் நெஞ்சுப் படபடப்பு அடங்கியதுதான் ஆச்சரியம்! பாடும்போது மூச்சை மெதுவாக, நீளமாக விடுகிறோம் அல்லவா? அதில் இதயத் துடிப்பு தணிகிறது.

கனடாவில் மாண்ட்ரீல் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2015-இல் வெளியானது. 6 முதல் 9 மாதக் குழந்தைகள், கொஞ்சுமொழி கேட்டபோது சுமார் 4 நிமிடம் அழாமல் இருந்தன. பாட்டுக்கோ 9 நிமிடம். இத்தனைக்கும் அது அவை கேட்டறியாத துருக்கிப் பாட்டு!

ஆகவே நீலாம்பரி தெரியாதே என்று தயங்காதீர்கள். வெறும் "ஆராரோ" போதும். செல்போனில் தாலாட்டைப் போட்டுவிட்டு நகரலாம்தான். குழந்தை தூங்கும், ஆனால் உங்கள் மூச்சு சீராகாதே!

ஒன்று மட்டும் கவனியுங்கள். பிரசவமாகி 2 வாரம் கடந்தும் அழுகையும் சோர்வும் நீங்காமல், குழந்தையிடமே ஒட்டுதல் வராமல் இருந்தால், பாட்டை நம்பி உட்கார்ந்திருக்காமல் டாக்டரிடம் போய்விடுங்கள். என் தங்கைக்கு அப்படித்தான் இருந்தது. "பிள்ளை பெத்த அலுப்பு" என்று சொல்லிச் சொல்லியே மூன்று மாதம் கடத்திவிட்டோம்.