படம் சிறியது, கணினி ஏன் திணறுகிறது?

எங்கள் வாப்பா ஹட்டனில் ஒரு சிறிய ஸ்டூடியோ வைத்திருக்கிறார். அடையாள அட்டைப் படம், கலியாண அல்பம், கண்ணீர் அஞ்சலி அட்டை எல்லாம் அங்குள்ள ஒரே கணினியில்தான் நடக்கும். நான் உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிப்பதால், விடுமுறை நாட்களில் அந்தக் கணினி என் பொறுப்பு.

சென்ற விடுமுறையில் நோர்வூட் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஓர் அக்கா வந்தார். போஸ்ட்கார்ட் அளவுள்ள பழைய கறுப்பு வெள்ளைப் படமொன்றைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். அதில் இரண்டு இளம் பெண்கள். ஒருவர் அவருடைய அம்மா, மற்றவர் பெரியம்மா. 1964ஆம் ஆண்டு செய்துகொண்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் 525,000 பேரை இந்தியா ஏற்பதென்றும் 300,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பதென்றும் முடிவானது. அந்தக் கணக்கில் பெரியம்மா இந்தியாவுக்குப் போனார், அம்மா இங்கே நின்றுவிட்டார். தலைமன்னார் ரயில் ஏறுவதற்கு முன் எழுபதுகளில் எடுத்த படம் அது. அதன்பின் அக்காவும் தங்கையும் சந்திக்கவே இல்லை. இப்போது பெரியம்மா காலமான செய்தி வந்திருக்கிறது. பதினாறாம் நாளுக்குள் படத்தைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்ட வேண்டும்.

“வேற படம் இல்ல தங்கச்சி, பாத்து செஞ்சி குடுங்க” என்றார்.

படத்தின் குறுக்கே தேநீர் கொட்டிய கறை ஒன்று இருந்தது. நன்றாகச் செய்ய வேண்டும் என்ற ஆசையில், ஸ்கேனரில் இருந்த பெரிய எண்களையெல்லாம் தெரிவு செய்தேன். அங்குலத்துக்கு 1200 புள்ளி, முழு நிறம், 16 பிட். பிறகு போட்டோஷாப்பில் திறந்து, ஒரு லேயருக்கு மேல் இன்னொரு லேயராக ஒன்பது லேயர் வரை போனேன். தூரிகையை அசைத்தால் அரை நிமிடம் கழித்துத்தான் கோடு விழும். இரண்டு மணித்தியாலம் பொறுமையாக இருந்தேன். கடைசியில் ஸ்க்ராட்ச் டிஸ்க் நிரம்பிவிட்டது என்ற அறிவிப்பு வந்தது. சேமிக்கப் பார்த்தேன், முடியவில்லை. பதற்றத்தில் கணினியை நிறுத்தி மீண்டும் போட்டேன். வேலை முழுவதும் போய்விட்டது. மறுநாள் கொழுந்து எடுக்கப் போகாமல் அரைப் பேரை விட்டுவிட்டு வந்த அக்காவிடம், “இன்னும் முடியல்ல” என்று சொல்ல நேர்ந்தது. அவர் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

அன்றிரவு ஒரு கொப்பியை எடுத்துக் கணக்குப் போட்டேன். அதை முதலே போட்டிருக்க வேண்டும்.

போட்டோவின் அளவு என்று நாம் கோப்பில் பார்க்கும் எண் வேறு, திறந்த பிறகு அது பிடிக்கும் இடம் வேறு. ஜேபெக் என்பது மடித்துக் கட்டிய துணி மாதிரி. திறந்ததும் முழுவதும் விரியும். 6000க்கு 4000 புள்ளிகள் கொண்ட ஒரு கமராப் படம் வன்தட்டில் ஏழெட்டு மெகாபைட்டாக இருக்கலாம். திறந்தால் 24 மில்லியன் புள்ளி, ஒவ்வொன்றுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பைட். மொத்தம் 72 மெகாபைட்.

என் படத்தைப் பாருங்கள். மூன்றரைக்கு ஐந்தரை அங்குலம், 1200 புள்ளி வீதம் 4200க்கு 6600. அதாவது 27.7 மில்லியன் புள்ளி. மூன்று நிறம், 16 பிட் என்பதால் ஒவ்வொரு நிறத்துக்கும் இரண்டு பைட். ஆக 166 மெகாபைட். அது ஒரு லேயருக்கு மட்டும். ஒன்பது முழு லேயர் என்றால் ஒன்றரை ஜீபி. இதற்கு மேல் ஹிஸ்ரி இருக்கிறது. பின்னோக்கிப் போவதற்காக மென்பொருள் பழைய நிலைகளையும் வைத்திருக்கும். சிறு தூரிகைக் கோடு ஒன்றுக்கு மாறிய கட்டங்களை மட்டும்தான் வைக்கும், அது பெரிய சுமையல்ல. படம் முழுவதற்கும் ஒரு பில்டர் போட்டால் முழுப் படமும் இன்னொரு முறை சேரும். நான் அப்படிப் பத்துத் தடவையாவது போட்டிருப்பேன்.

இவ்வளவும் ரேமில் அடங்காதபோது மென்பொருள் வன்தட்டில் ஓர் இடத்தைத் தற்காலிக நினைவகமாகப் பிடிக்கும். அதுதான் ஸ்க்ராட்ச் டிஸ்க். தோமஸ் நோல், ஜோன் நோல் என்ற அமெரிக்கச் சகோதரர்கள் எழுதிய போட்டோஷாப்பை அடோபி நிறுவனம் 1990இல் வெளியிட்டபோது கணினிகளின் ரேம் சில மெகாபைட்தான். அதனால் வன்தட்டைக் கடனாகக் கேட்பது அந்த மென்பொருளுக்குப் பழைய பழக்கம். (1993இல் அது விண்டோஸுக்கு வந்ததில் பெரும் பங்கு ஒரு தமிழருடையது. திருச்சியில் பொறியியல் படித்த சீதாராமன் நாராயணன். மென்பொருள் திறக்கும்போது வரும் பெயர்ப் பட்டியலில் அவர் பெயர் இருக்கும். எங்கள் கணினியின் வேகத்துக்கு, பட்டியல் முழுவதையும் ஆறுதலாக வாசிக்கலாம்.)

சரி, மூன்று ஜீபிக்கு வன்தட்டு ஏன் நிரம்பியது? சி டிரைவைத் திறந்து பார்த்தேன். போட்டோஷாப்பின் பெயரோடு பெரிய பெரிய தற்காலிகக் கோப்புகள், மொத்தம் 31 ஜீபி. மென்பொருளை முறையாக மூடினால் அவை தானாக அழியும். எங்கள் பக்கம் மழைக் காலத்தில் கரண்ட் எத்தனை தடவை போகும் என்று உங்களுக்குத் தெரியும். இடையில் கரண்ட் போனால் சில வேளை அந்தக் கோப்புகள் அப்படியே தங்கிவிடும். மாதக்கணக்காகச் சேர்ந்திருந்தன. மென்பொருளை மூடிவிட்டு அவற்றை அழித்தேன். குற்றம் மென்பொருளிலும் இல்லை, கணினியிலும் இல்லை.

அந்த அறிவிப்பு வரும்போது நான் செய்தது போல நிறுத்திவிடாதீர்கள். மென்பொருளை அப்படியே விட்டுவிட்டு, வேறு சாளரத்தில் ரீசைக்கிள் பின்னை வெறுமையாக்குங்கள், சி டிரைவில் கிடக்கும் வீடியோக்களை வேறு டிரைவுக்கு மாற்றுங்கள். சில ஜீபி கிடைத்ததும் திரும்பி வந்து சேமியுங்கள். முதலில் சேமிப்பு, அதன்பிறகு எடிட் பட்டியலில் உள்ள பேர்ஜ் மூலம் ஹிஸ்ரியைக் காலியாக்கலாம். காலியாக்கினால் பின்னோக்கிப் போக முடியாது, அதனால்தான் இந்த ஒழுங்கு.

வேகம் குறைந்தால் எங்கே அடைக்கிறது என்று பார்க்க ஓர் இலகுவான இடம் உண்டு. படச் சாளரத்தின் அடியில் உள்ள சிறு அம்புக்குறியை அழுத்தி எபிசியன்சி என்பதைத் தெரிவு செய்யுங்கள். 100 வீதம் என்றால் வேலை முழுவதும் ரேமில் நடக்கிறது. குறையக் குறைய வன்தட்டை நம்பியிருக்கிறது என்று பொருள். இதை வாசிக்கும் பெற்றோருக்கும் இது உதவும். பிள்ளை புது ரேம் கேட்டால் அந்த எண்ணைக் காட்டச் சொல்லுங்கள். 100இலேயே நின்றும் மெதுவாக இருந்தால் ரேம் வாங்கிப் பயனில்லை. எண் குறைந்து, வன்தட்டும் பழைய சுழலும் வகை என்றால், ரேமோடு ஓர் எஸ்எஸ்டி போடுவதும் நல்ல பலன் தரும். ரேமில் எத்தனை வீதத்தை மென்பொருளுக்குக் கொடுப்பது என்ற அமைப்பை 70இலேயே விடுவது நல்லது. 100க்கு இழுத்தால் விண்டோஸுக்கு இடமில்லாமல் எல்லாமே திணறும்.

எங்கள் கணினியில் இன்னொரு வேடிக்கை. அஞ்சலி அட்டைகளுக்காக பாமினி தொடங்கி நூற்றுக்கணக்கான தமிழ் எழுத்துருக்களை வாப்பா சேர்த்து வைத்திருந்தார். அவை மென்பொருள் திறப்பதையே தாமதமாக்கும். பாவிக்காதவற்றை அகற்றக் கேட்டேன். அரை மனதோடு சம்மதித்தார்.

மறுபடி ஸ்கேன் செய்தபோது அங்குலத்துக்கு 600 புள்ளி, 8 பிட் எடுத்தேன். அந்தப் பழைய தாளில் அதற்கு மேல் விவரம் இல்லை. நிறத்தை மட்டும் விடவில்லை, அதற்குக் காரணம் கறை. தேநீர்க் கறை நீல ஒளியை விழுங்கும், சிவப்பை விட்டுவிடும். ஆகவே சனல்களைத் தனித்தனியே பார்த்தால் நீலத்தில் கறை கருமையாகவும், சிவப்பில் அநேகமாக இல்லாமலும் தெரியும். சிவப்பு சனலை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை விட்டேன். 2100க்கு 3300 புள்ளி, ஒன்றுக்கு ஒரு பைட். 7 மெகாபைட்! முன்பு 166 ஆக இருந்தது. இருபத்துநான்கு மடங்கு குறைவு. ஏ3 தாளில் அங்குலத்துக்கு ஏறத்தாழ 180 புள்ளி வரும், சுவரில் மாட்டிப் பார்க்க அது தாராளம். முதல் தடவை பாடுபட்டு அழித்த கறை, இந்தத் தடவை பாதிக்கு மேல் தானாகப் போயிருந்தது. எஞ்சியதைத் திருத்த நாற்பது நிமிடம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை சேமித்தேன், புதுப் புதுப் பெயரில்.

பதினாறாம் நாளுக்கு இரண்டு நாள் முன்பு அக்கா தம் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தார். அந்தப் பாட்டி படத்தை வெளிச்சத்துக்குப் பிடித்து நெடுநேரம் பார்த்தார். கறை இருந்த இடத்தில், பெரியம்மாவின் காலடியில், தகரப் பெட்டி ஒன்று தெரிந்தது.

“இந்தப் பொட்டி எங்க அப்பாவோடது” என்றார் பாட்டி. “அத மறந்தே போயிட்டேன்.”

வாப்பா பிரிண்டுக்கான காசை மட்டும் வாங்கிக்கொண்டார். கோப்பின் ஒரு பிரதியை அக்காவின் மகனுடைய பென் டிரைவிலும் போட்டுக் கொடுத்தேன்.