கைப்பேசியும் ஓர் அளவுகருவிதான்

திறன்மிகு வகுப்பறை, உயர் தொழில்நுட்ப ஆய்வகம், மணற்கேணி செயலி, பாடநூலில் உள்ள க்யூஆர் குறியீடு என நம் பள்ளிகளுக்கு வந்துள்ள தொழில்நுட்பத்தில் பெரும்பகுதி, மாணவர்களைப் பார்க்கவும் கேட்கவும் வைக்கிறது. அது தேவைதான். இதயம் சுருங்கி விரிவதைக் கரும்பலகையில் எவ்வளவு அழகாக வரைந்தாலும் அசையும் படத்துக்கு ஈடாகாது. ஆனால் கைப்பேசியில் உள்ள கேமராவையும் ஒலிவாங்கியையும் கொண்டு அளக்கவும் முடியும். அதை நாம் போதுமான அளவு செய்வதில்லை.

ஒன்பதாம் வகுப்பில் இயக்கம் பற்றிய பாடத்தை நடத்தும்போது நான் செய்யும் ஒரு சோதனையைச் சொல்கிறேன். சுவரில் தரையிலிருந்து 1.25 மீட்டர் உயரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு. அங்கிருந்து ஒரு மாணவி ரப்பர் பந்தைக் கைவிடுகிறாள். அது தரையைத் தொட ஏறத்தாழ அரை விநாடிதான் ஆகும். நிறுத்துக் கடிகாரத்தை அழுத்துவதில் நம் விரல் தாமதிக்கும் நேரமே 0.2 விநாடி அளவுக்கு இருக்கும் என்பதால், கையால் அளந்து பயனில்லை. எனவே என் கைப்பேசியில் அதைக் காணொலியாகப் பதிவு செய்கிறோம்.

சாதாரணக் காணொலி என்பது பொதுவாக விநாடிக்கு 30 படங்களின் வரிசை. அதைக் கணினியில் வி.எல்.சி. மென்பொருளில் திறந்து, 'இ' என்ற ஆங்கில எழுத்து விசையைத் தட்டினால், ஒரு தட்டலுக்கு ஒரு படம் நகரும். வகுப்பே சேர்ந்து எண்ணும். 15 வந்தால் நேரம் 0.5 விநாடி. உயரத்தை இரண்டால் பெருக்கி, நேரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் புவியீர்ப்பு முடுக்கம் 10 என்று கிடைக்கும்.

சுவையான பகுதி இனிமேல்தான். எல்லாக் குழுவுக்கும் 15 வராது. பந்து கையை விட்ட படம் எது என்பதில் சண்டையே நடக்கும். 14 என்று எண்ணிய குழுவுக்கு விடை 11.5, 16 என்று எண்ணிய குழுவுக்கு 8.8. உடனே ஒருவன், “சார், எல்லாரும் 9.8னு எழுதிடலாமா?” என்பான். அந்தக் கேள்விக்காகவே இந்தச் சோதனையைச் செய்யலாம். ஒரே ஒரு படம் தவறினால் விடை ஏன் இவ்வளவு மாறுகிறது, அதைக் குறைக்க என்ன வழி என்று அவர்களிடமே திருப்பிக் கேட்பேன். சிலர் உயரத்தைக் கூட்டலாம் என்பார்கள், சரியான விடைதான். சிலருக்கு ‘ஸ்லோ மோஷன்’ நினைவுக்கு வரும். விநாடிக்கு 240 படங்கள் எடுக்கும் கைப்பேசி கிடைத்தால் இதே உயரத்துக்கு 121 படங்கள் அளவுக்கு வரும், விடை 9.8-ஐ நெருங்கிவிடும். அப்போது ஒரு படம் கூடினாலும் குறைந்தாலும் பெரிய மாற்றம் இல்லை. பிழை என்பது ஒளித்துவைக்க வேண்டிய ஒன்று என்ற எண்ணத்தோடு செய்முறைக் குறிப்பேடு எழுதும் பிள்ளைகளுக்கு இது பெரிய விடுதலை.

செய்து பார்க்கிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். மங்கலான அறையில் சில கைப்பேசிகள் தாமாகவே படங்களின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளும். வெளிச்சமான தாழ்வாரத்தில் செய்யுங்கள். ஸ்லோ மோஷன் பதிவில் திரையில் ஓடும் கடிகாரத்தை நம்பாதீர்கள். அது நீட்டப்பட்ட நேரம். படங்களை எண்ணுவதே சரி.

இதற்குத் தேவை ஒரே ஒரு கைப்பேசி. மாணவர்கள் பள்ளிக்குக் கைப்பேசி கொண்டுவரக் கூடாது என்பதால் மட்டும் இதைச் சொல்லவில்லை. வீட்டுப்பாடமாகக் கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பல வீடுகளில் இருக்கும் ஒரே திறன்பேசி அப்பாவுடன் வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறது. அக்காவும் தம்பியும் அதற்காகக் காத்திருப்பார்கள், டேட்டா தீர்ந்திருக்கும். எனவே கைப்பேசி இல்லாமல் முடிக்க முடியாத வீட்டுப்பாடத்தை நான் கொடுப்பதில்லை. படமெடுப்பதும் எண்ணுவதும் பள்ளியில். கணக்கும் வரைபடமும் வீட்டில், நோட்டில்.

தொடக்க வகுப்புகளுக்கும் இது பொருந்தும். எங்கள் வளாகத்தில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை ஒருவர், பிள்ளைகள் ஒரு பத்தி வாசிப்பதைக் கைப்பேசியில் பதிவுசெய்து, உடனே அவர்களுக்கே போட்டுக் காட்டுகிறார். ‘பழம்’ என்பதைப் ‘பளம்’ என்று சொன்னதை ஆசிரியர் திருத்துமுன் பிள்ளையே கண்டுபிடித்து, “டீச்சர், இன்னொரு தடவை” என்று கேட்கிறது. மாத முதலிலும் முடிவிலும் அதே பத்தியைப் பதிவுசெய்தால், பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண்ணைவிட அந்த இரண்டு நிமிடம் அதிகம் பேசும். ஆனால் அந்தந்தப் பெற்றோருக்கு மட்டுமே அதைக் கேட்கவைக்க வேண்டும். தடுமாறி வாசிக்கும் குழந்தையின் குரல் எந்த வாட்ஸ்அப் குழுவுக்கும் போகக்கூடாது. பந்துச் சோதனையிலும் கேமராவைக் கோட்டுக்கும் பந்துக்கும் மட்டும் குறிவைத்தால் போதும், யாருடைய முகமும் தேவையில்லை. எண்ணி முடித்ததும் காணொலியை மாணவர்கள் முன்னிலையிலேயே அழித்துவிடுகிறேன்.